போன் கேமராவுக்கு ஸ்டூடியோ ஃப்ளாஷ் ஒத்துழைக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த வார டாபிக் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. அனுப்பினவர் ரெட்டியார்சத்திரத்துக்காரர். திண்டுக்கல்ல இருந்து பழனி ரோட்டுல, ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடி வர்ற ஊர். காய்கறி விவசாயம் பண்றவங்களுக்கு அங்க இருக்கிற இந்தோ-இஸ்ரேல் காய்கறி மையத்தால இந்தப் பேர் பழக்கமா இருக்கும்.

தம்பி சொன்ன கதை இதுதான். அவங்க அப்பா ரொம்ப வருஷமா ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்துறார். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, முதல் பிறந்தநாள், இதுதான் வேலை. கேமரா இப்போ கைவிட்டுடுச்சு. ஆனா ஸ்டாண்டு, குடையோட ரெண்டு ஸ்டூடியோ ஃப்ளாஷ் இன்னும் நல்லா அடிக்குது. தம்பிகிட்ட ஓரளவு நல்ல ஆண்ட்ராய்டு போன் இருக்கு. பூட்டு வியாபாரம் பண்ற சொந்தக்காரர் ஒருத்தர், ஆன்லைன்ல போட திண்டுக்கல் பூட்டுக்கு நல்ல படம் கேக்குறார். அப்பா 30,000 ரூபாய் கடன் வாங்கி பழைய கேமரா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கார். தம்பியோட கேள்வி, "அண்ணே, இந்த ஃப்ளாஷை என் போன் கேமராவோட சேர்த்து அடிக்க வைக்க முடியுமா?"

கூடவே இன்னொரு விஷயமும் கேட்டார். போனோட ஹெட்போன் ஓட்டையில இருந்து ஃப்ளாஷோட சிங்க் சாக்கெட்டுக்கு வயர் இழுக்கிற வீடியோ ஒண்ணு பார்த்தாராம், செஞ்சு பார்க்கட்டுமான்னு. தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. காரணம் பின்னாடி வரும்.

முதல் கேள்விக்குச் சின்ன பதில்: முடியும், அதுவும் புதுசா எதுவும் வாங்காமலே. ஆனா கேமரா ஆப்போட ஆட்டோ மோடை மறந்துடணும், அறையை இருட்டாக்கணும். இது ரெண்டும் ஏன்னு புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்.

ஸ்டூடியோ ஃப்ளாஷ்னா உள்ள ஒரு கெப்பாசிட்டர், வெளியில ஒரு செனான் குழாய். கெப்பாசிட்டர்ல சேர்த்து வச்ச மின்சாரத்தை ஒரே மூச்சுல குழாய்க்குள்ள கொட்டுது. வெளிச்சம் இருக்கிற நேரம் சாதாரண யூனிட்ல 1/500 நொடி, 1/1000 நொடி அந்த மாதிரி. அதாவது ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட். நம்ம போன் பின்னாடி இருக்கிற எல்இடிக்கும் ஃப்ளாஷ்னுதான் பேரு, ஆனா அது ஒரு டார்ச். படம் எடுக்கிற நேரம் முழுக்க எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால போன் சென்சாருக்கு இவ்வளவு வேகமான வெளிச்சத்தைப் பிடிச்சுப் பழக்கமே இல்லை.

அந்த சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். போன் கேமராவுக்குள்ள பொதுவா மூடித் திறக்கிற ஷட்டர் கிடையாது. எல்லாமே எலக்ட்ரானிக். 12 மெகாபிக்சல் படம்னா சுமார் 3,000 வரிசை பிக்சல். இந்த 3,000 வரிசையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு ஒரே நேரத்துல முடியாது. மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரிசையா வாசிச்சுக்கிட்டு வரும். இதைத்தான் ரோலிங் ஷட்டர்னு சொல்றாங்க. ஓடுற பஸ் ஜன்னல்ல இருந்து போட்டோ எடுத்தா கரண்ட் கம்பம் சாய்ஞ்சு தெரியுறது இதனாலதான்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. நீளமான வரிசை. முதல் இலைக்காரர் முதல்ல உட்கார்றார், அடுத்தவர் கொஞ்சம் கழிச்சு, அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் கழிச்சு. எல்லாரும் ஒரே அளவு நேரம்தான் உட்காருவாங்க, முடிஞ்சதும் அதே வரிசையில எழுந்துடுவாங்க. பாயாசம் பரிமாறுறவர் ஒரே ஒரு தடவைதான் வருவார், கண் இமைக்கிற நேரத்துல மொத்த வரிசைக்கும் ஊத்திட்டுப் போயிடுவார். அந்த நிமிஷம் இலை முன்னாடி யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் பாயாசம். கடைசி ஆள் வந்து உட்கார்றதுக்குள்ள முதல் ஆள் எழுந்துட்டார்னா, பாயாசம் எப்போ வந்தாலும் எல்லாருக்கும் கிடைக்கவே கிடைக்காது.

இதுல ஒவ்வொரு ஆளும் ஒரு பிக்சல் வரிசை. உட்கார்ந்திருக்கிற நேரம் எக்ஸ்போஷர். பாயாசம் ஃப்ளாஷ். ஃப்ளாஷ் வச்சு போன்ல எடுத்த படத்துல ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாவும் மிச்சமெல்லாம் கறுப்பாவும் வந்தா, பந்தியில பாதி பேருக்குப் பாயாசம் போகலைன்னு அர்த்தம்.

இப்போ எண்ணைப் போட்டுப் பார்ப்போம். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவுல இருக்கிற தாமதம் போனுக்குப் போன் மாறும். கணக்குக்கு 25 மில்லிசெகண்ட்னு வச்சுக்குவோம். ஷட்டர் 1/60 நொடின்னா ஒவ்வொரு வரிசையும் 16.7 மில்லிசெகண்ட்தான் திறந்திருக்கும். 25-ஐ விடக் குறைவு. அப்போ எல்லா வரிசையும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம்னு ஒண்ணு இல்லவே இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த டிரிக்கர் வாங்கினாலும் பட்டை விழும். 1/30 நொடின்னா 33 மில்லிசெகண்ட். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற நேரம் 8 மில்லிசெகண்ட். 1/4 நொடின்னா 250-ல 25 போக 225 மில்லிசெகண்ட். ஒரு நொடின்னா 975.

இந்த மிச்ச நேரத்தை நான் ஜன்னல்னு சொல்றேன். ஃப்ளாஷ் அந்த ஜன்னலுக்குள்ள எப்போ அடிச்சாலும் சரி. டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவுலயும் இதே கதைதான். அங்க ஷட்டர் திரை சென்சாரைக் கடக்க மூணு நாலு மில்லிசெகண்ட்தான் ஆகும். 1/200 நொடியில எடுத்தா ஜன்னல் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் இருக்கும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ள குறி பார்த்து அடிக்கணும்னுதான் கேமரா தலையில ஹாட் ஷூன்னு ஒரு மின் இணைப்பு வச்சிருக்காங்க. போன்ல அது இல்லைன்னு எல்லாரும் வருத்தப்படுறாங்க. ஆனா ஜன்னலைப் பெருசாக்கிட்டா குறி பார்க்கவே தேவையில்லையே! கை விரல் போதும்.

அதனால வழி இதுதான். போனை ஸ்டாண்டுல வைங்க. புரோ மோடுல ஷட்டர் ஒரு நொடி. அறை இருட்டு. மூணு செகண்ட் டைமர் போட்டு ஷட்டரை அழுத்துங்க. போன் எடுக்க ஆரம்பிச்ச உடனே ஃப்ளாஷ் பின்னாடி இருக்கிற டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. படம் வந்துடும். ரெண்டு ஃப்ளாஷையும் அடிக்கணும்னா ரெண்டு கையும் தேவையில்லை. இந்த யூனிட்கள்ல பெரும்பாலும் ஸ்லேவ்னு ஒரு ஒளி சென்சார் இருக்கும். ஒண்ணு அடிச்சா அந்த வெளிச்சத்தைப் பார்த்து இன்னொண்ணும் அதே கணத்துல அடிச்சுடும். தம்பியோட அப்பாவுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. மெக்னீசியம் பொடியைக் கொளுத்தி எடுத்த காலத்துல ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் எந்த இணைப்பும் கிடையாது. லென்ஸ் மூடியைத் திற, பொடியைக் கொளுத்து, மூடு, அவ்வளவுதான். அமெரிக்காவுல எம்ஐடியில இருந்த ஹரோல்ட் எட்கர்ட்டன், துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைச்சுட்டுப் போற படத்தை 1964-ல எடுத்தார். அங்கயும் கேமரா ஃப்ளாஷை அடிக்க வைக்கலை. இருட்டு அறையில கேமரா சும்மா திறந்து கிடந்தது. குண்டு போற சத்தத்தை மைக் பிடிச்சு, அது ஃப்ளாஷை அடிச்சுது. போட்டோ எந்தக் கணத்துல பதியணும்னு முடிவு பண்ணது ஃப்ளாஷ். கேமரா வெறும் சாட்சி. போனையும் நாம அப்படித்தான் வைக்கப் போறோம்.

சரி, ஆட்டோ மோட் ஏன் ஆகாது? இப்போ இருக்கிற போன் கேமரா ஆப் ஒரு படம் எடுக்கிறதே இல்லை. நாம பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே வரிசையா ஃபிரேம் எடுத்து மெமரியில வச்சிருக்கும். அழுத்தினதும் அதுல நல்லதாப் பார்த்து ஏழெட்டைக் கலந்து ஒரு படமாத் தரும். எச்டிஆர், நைட் மோட் எல்லாம் இந்த வித்தைதான். எட்டு ஃபிரேம்ல ஒண்ணுல மட்டும் திடீர்னு பளீர்னு வெளிச்சம் வந்தா அல்காரிதம் என்ன நினைக்கும்? ஏதோ குறுக்க போயிடுச்சுன்னு அந்த ஃபிரேமைத் தூக்கிப் போட்டுடும். இல்லைன்னா பாதியைக் கலந்து பேய்ப் படம் மாதிரி தரும். நைட் மோடுல மூணு செகண்ட்னு காட்டுறதைப் பார்த்து ஏமாறாதீங்க, அது ஒரே மூணு செகண்ட் இல்லை, சின்னச் சின்ன துண்டுகள். அதனால புரோ மோட், முடிஞ்சா ரா ஃபார்மட். ஐபோன்ல கம்பெனி கேமரா ஆப்புல ஷட்டரை நாமளா வைக்க வசதி இல்லை, ஹாலைட் மாதிரி வேற ஆப் போட்டுக்கணும். அங்கயும் ஒரு நொடிக்கு மேல பெரும்பாலும் போகாது. நமக்கு அதுவே போதும்.

அடுத்தது இருட்டு. இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. போன் லென்ஸோட திறப்பு அகலமானது, எஃப் 1.8 அந்த மாதிரி, பெரும்பாலான போன்ல அதைச் சுருக்கவும் முடியாது. எஃப் 1.8, ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/4 நொடின்னு வச்சா, டியூப்லைட் எரியுற ஒரு சாதாரண அறை ஃப்ளாஷே இல்லாம நல்லாப் பதியும். ஒரு நொடின்னா வெளுத்துடும். ஃப்ளாஷோட நிழலும் தெளிவும் அந்த வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும். குழந்தை தலையை ஆட்டினா ரெண்டு தலை தெரியும், ஒண்ணு ஃப்ளாஷ்ல, ஒண்ணு டியூப்லைட்ல. ஜன்னலை அடைச்சு, லைட்டை அணைச்சு, ஃப்ளாஷோட மாடலிங் லாம்பையும் அணைச்சுட்டு, ஃப்ளாஷ் இல்லாம ஒரு படம் எடுத்துப் பாருங்க. அது கிட்டத்தட்ட கறுப்பா வரணும். வந்தா ரெடி.

இருட்டுல ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அதனால லைட் இருக்கும்போதே ஃபோகஸ் பண்ணி லாக் பண்ணிடுங்க. ஒயிட் பேலன்ஸையும் 5,500 கெல்வின் பக்கம் நிறுத்திடுங்க. இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்லை.

அகலமான லென்ஸால இன்னொரு சிக்கல், ஃப்ளாஷ் அளவுக்கு மீறி வெளிச்சமா இருக்கும். அப்பா வழக்கமா எஃப் 8 வச்சு எடுத்திருப்பார். அதே வெளிச்சம் எஃப் 1.8-ல சுமார் 20 மடங்கு அதிகமா உள்ள வரும். ஐஎஸ்ஓவைப் போன்ல இருக்கிறதுலயே குறைவா வைங்க. ஃப்ளாஷ் பவரைக் கடைசி வரைக்கும் இறக்குங்க. பழைய யூனிட்ல 1/8-க்குக் கீழ போகாது, அப்படின்னா ஃப்ளாஷைத் தள்ளி வைங்க, இல்ல திருப்பி வெள்ளைச் சுவத்துல அடிச்சுத் திரும்பி வர்ற வெளிச்சத்துல எடுங்க. பூட்டு மாதிரி பளபளப்பான உலோகத்துக்கு அந்தச் சுவத்து வெளிச்சம்தான் அழகும் கூட. நேரா அடிச்சா பித்தளையில ஒரு வெள்ளைப் புள்ளியும் சுத்திக் கறுப்பும்தான் தெரியும்.

இதுல ஒரு லாபமும் இருக்கு. சென்சார் சின்னதா இருக்கிறதால, எஃப் 1.8-லயே பெரிய கேமராவுல எஃப் 6 பக்கம் வச்ச அளவுக்கு ஆழம் ஃபோகஸ்ல கிடைக்கும். பூட்டோட முன் விளிம்புல இருந்து பின்னாடி வளையம் வரைக்கும் பெரும்பாலும் தெளிவா வரும்.

கையால அழுத்துறது பிடிக்கலைன்னா கடையில என்ன இருக்கு? கோடாக்ஸ் 2017-ல ஏ1-னு ஒரு சின்ன கருவி விட்டாங்க. போன் ஆப் ப்ளூடூத்ல அதுக்குச் சொல்லும், அது ரேடியோவுல அந்தக் கம்பெனியோட மத்த ஃப்ளாஷுக்குச் சொல்லும். புரோஃபோட்டோ கம்பெனி 2019-ல சி1-ன்னு போனுக்காகவே ஒரு லைட் கொண்டு வந்தாங்க, அப்புறம் பெரிய ஃப்ளாஷ்களையும் போனோட பேச வச்சாங்க. அவங்க ஆப்தான் ஷட்டர், ஃப்ளாஷ் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுது. ப்ளூடூத்ல சிக்னல் போற நேரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். சாஃப்ட்வேர் ஆளுங்க ஜிட்டர்னு சொல்லுவோம். ஆப் செய்யுற வேலையே அந்த ஜிட்டரை ஜன்னலுக்குள்ள அடக்குறதுதான். நல்லா அடக்கினா ஷட்டரை வேகமாக்கலாம், அறை அவ்வளவு இருட்டா இருக்க வேண்டியதில்லை. நீங்க காசு கொடுக்கிறது அந்த வசதிக்கு. ரெட்டியார்சத்திரம் ஸ்டூடியோவுக்கு ஏற்கனவே ஒரு இருட்டு அறை இருக்கு, அதனால இது எதுவும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

போன் எல்இடியை வச்சே ஸ்லேவைத் தூண்ட முடியாதான்னு சிலர் கேப்பாங்க. பெரும்பாலும் ஆகாது. ஸ்லேவ் சென்சார் எதிர்பார்க்கிறது திடீர்னு வர்ற பெரிய வெளிச்சம், எல்இடியில அந்த வீச்சு இல்லை. அப்படியே தூண்டினாலும், போன் ஃபோகஸுக்கும் அளவுக்கும் முதல்ல ஒரு தடவை லைட்டைப் போடும், ஃப்ளாஷ் அப்பவே அடிச்சு முடிச்சுடும், படம் அதுக்கப்புறம்தான். முன்ன நோக்கியா என்8, 808 மாதிரி போன்கள்ல நிஜமான செனான் ஃப்ளாஷும் மெக்கானிக்கல் ஷட்டரும் இருந்துச்சு. அதுங்க ஸ்டூடியோ ஸ்லேவோட நல்லாவே பேசும். அந்தப் பரம்பரை அங்கயே நின்னு போச்சு.

இப்போ வயர் விஷயம். பழைய ஸ்டூடியோ ஃப்ளாஷ்களோட சிங்க் சாக்கெட்டுல எவ்வளவு வோல்ட் நிக்கும்னு வெளியில பார்த்துச் சொல்ல முடியாது. சிலதுல 5 வோல்ட். சிலதுல 100, 200-க்கும் மேல. போனோட ஆடியோ சர்க்யூட் ஒரு வோல்ட் பக்கம் வேலை செய்யுற சமாச்சாரம். நேரடியா வயர் கொடுத்தா போன் போயிடும், அந்த நேரம் அது கையில இருந்தா அடி கைக்கும்தான். நடுவுல ஆப்டோகப்ளர் வச்சுப் பிரிக்கணும், எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க. அதைவிட முக்கியம், டெஸ்ட் பட்டன் சரியில்லைன்னு யாரும் ஃப்ளாஷைக் கழட்டிப் பார்க்காதீங்க. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டும் அதுக்கு மேலயும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் அப்படியே நிக்கும். ஆளைக் கொல்ற அளவு.

இவ்வளவும் கேட்டுட்டு ஒரு எல்இடி பேனல் வாங்கிடலாமேன்னு நினைக்கிறீங்களா? நியாயமான கேள்வி. 60 வாட் எல்இடியை 1/60 நொடி ஷட்டர்ல பயன்படுத்தினா, அந்தப் படத்துக்குக் கிடைக்கிற மின்சக்தி ஒரு ஜூல். 200 வாட்-செகண்ட் ஃப்ளாஷ் ஒரே அடியில கொடுக்கிறது 200 ஜூல். அதே அளவு மின்சாரத்துல செனானைவிட எல்இடி அதிக வெளிச்சம் தரும்னு வச்சாலும் இந்த இடைவெளி அடையாது. ஆனா ஷட்டரை ஒரு நொடி திறந்து வச்சா எல்இடியும் 60 ஜூல் கொடுத்துடும்! பூட்டு ஆடாது, அசையாது. அதனால பூட்டுக்கும் காய்கறிக்கும் மடிச்சு வச்ச சேலைக்கும், ஸ்டாண்டு மேல போன், ஒரு சாதாரண எல்இடி, மெதுவான ஷட்டர் போதும். அங்க ஃப்ளாஷ் கட்டாயம் இல்லை, வீட்ல சும்மா இருக்கேன்னு பயன்படுத்தலாம், அவ்வளவுதான். ஃப்ளாஷுக்கு மாத்து இல்லாத இடம் காதுகுத்துக் குழந்தைதான். அது ஒரு நொடி சும்மா இருக்காது, ஆனா 1/1000 நொடிக்குள்ள எங்கயும் போயிட முடியாது.

ஆனா குழந்தையை இருட்டு அறையில உட்கார வச்சு எல்லாருக்கும் படம் எடுக்க முடியாது, சில பிள்ளைங்க அழும். மண்டபத்துல விசேஷம்னா லைட்டை அணைக்கச் சொல்லவும் முடியாது. அந்த வேலைதான் ஸ்டூடியோவுக்கு முக்கிய வருமானம்னா, கேமரா வாங்குறது சரியான செலவு. கடை உள்ள பூட்டு, பாஸ்போர்ட் படம்தான் வேலைன்னா கடன் வேண்டாம். இதை தம்பியும் அப்பாவும் கடை கணக்கு நோட்டைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்.

கடைசியா, கோட் எழுதுற நண்பர்களுக்கு. உங்க போன்ல அந்த 25 மில்லிசெகண்ட் நிஜமா எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க ஆண்ட்ராய்டே ஒரு வழி வச்சிருக்கு. கேமரா2 ஏபிஐல ஒவ்வொரு படத்தோட ரிசல்ட்லயும் சென்சார் ரோலிங் ஷட்டர் ஸ்க்யூன்னு ஒரு மதிப்பு வரும், நானோசெகண்ட்ல. முதல் வரிசை திறக்கிறதுக்கும் கடைசி வரிசை திறக்கிறதுக்கும் உள்ள இடைவெளி அது. எல்லா போனும் அதைக் கொடுக்காது, சிலதுல வெறுமையா இருக்கும். அப்போ இப்படிப் பண்ணலாம். இருட்டு அறையில வீடியோ ஷட்டரை 1/120 நொடியில நிறுத்தி ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே நாலஞ்சு தடவை ஃப்ளாஷ் அடிங்க. ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்திப் பார்த்தா வெளிச்சப் பட்டை தெரியும். 1/120-ன்னா 8.3 மில்லிசெகண்ட். பட்டை ஃபிரேம்ல மூணுல ஒரு பங்கு உயரம் இருந்தா, முழு ஃபிரேமுக்கு 25. சில நேரம் பட்டை ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல உடைஞ்சிருக்கும், ரெண்டையும் கூட்டிக்கோங்க. வீடியோவுல சென்சாரை வாசிக்கிற வேகம் போட்டோவுல இருக்கிறதைவிட அதிகமா இருக்கலாம், அதனால வந்த எண்ணை ரெண்டு மடங்கா வச்சு உங்க ஷட்டரை முடிவு பண்ணுங்க.